கைகள் மீண்ட கதை

நுழையும்முன்

தமிழில் கை என்பது உடலின் ஓர் உறுப்பை மட்டும் குறிப்பதன்று. உதவுவது கைகொடுத்தல்; துணையின்றி விட்டுவிடுவது கைவிடுதல்; செய்வதறியாது நிற்பது கையறுநிலை. சமைப்பவருக்குக் கைப்பக்குவம், உழைப்பவருக்குக் கைத்தொழில், தேர்ந்தவருக்குக் கைவந்த கலை என வாழ்வின் பல கூறுகளை அந்த ஒரு சொல்லே தாங்கி நிற்கிறது. அக்கை தொட்டதை உணராமலும் எடுத்ததைப் பிடிக்க இயலாமலும் போனால் மனிதர் இழப்பவை எவை? தொழுநோயால் முடங்கிய கைகளை மீட்கும் வழி, தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் கண்டறியப்பட்ட வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

செங்கற்பட்டில் ஒரு பிடி

1947ஆம் ஆண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய பால் பிராண்டு, செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். அவரை அழைத்துச் சென்று காட்டியவர் தோல்நோய் வல்லுநரான ராபர்ட் காக்ரேன். தோலில் தோன்றும் தேமல்களையும் தடிப்புகளையும் காக்ரேன் விளக்கிக்கொண்டே நடந்தார். பிராண்டின் பார்வையோ நோயாளிகளின் கைகளை விட்டு அகலவில்லை. சிலருடைய விரல்கள் பறவையின் கால்நகம்போல உள்நோக்கி வளைந்திருந்தன. வேறு சிலருக்கு விரல்கள் பாதியளவாகக் குறுகியிருந்தன. எலும்பையும் மூட்டையும் சீர்செய்வதையே தொழிலாகக் கொண்ட அவர், இக்கைகள் ஏன் இவ்வாறு ஆயின என்று வினவினார். அதற்கு விடை காணவேண்டியவர் தோல் மருத்துவர் அல்லர், எலும்பு மருத்துவரே என்பது காக்ரேனின் மறுமொழி. இத்தனை பேரை முடக்கிய ஒரு நோயை எலும்பு மருத்துவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லையே என்னும் மனக்குறையும் அம்மொழியில் கலந்திருந்தது.

அப்போது இளைஞர் ஒருவர் தம் காலணியின் வாரைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தார். பெருவிரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையே அதைப் பற்ற முயலுந்தோறும் வார் நழுவியது. பிராண்டு அவர் அருகில் சென்று, தம் கையை அவருடைய மடங்கிய கைக்குள் வைத்து, இயன்றவரை இறுக்குமாறு கேட்டுக்கொண்டார். செயலிழந்ததாகத் தோன்றிய அக்கையில் வலுவேதும் இராது என்றே அவர் எண்ணியிருந்தார். கிடைத்ததோ இரும்புப்பிடி. நகங்கள் தோலில் புதைந்தன. வலி பொறுக்காமல் அவர் கையை விடுவித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இளைஞர் முகத்திலோ, தாம் ஒருவரை நோகச் செய்தோம் என்பதற்கான குறிப்பே இல்லை.

இரண்டு செய்திகளை அந்தப் பிடி பிராண்டுக்கு உணர்த்திற்று. முதலாவது, பயனற்றதாகக் கருதப்பட்ட கையில் வலிமை வாய்ந்த தசைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இரண்டாவது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அக்கையால் அறிய முடியவில்லை. அடுத்த இருபது ஆண்டுகள் அவர் செய்த பணிகள் எல்லாம் இவ்விரண்டிலிருந்தே கிளைத்தவை.

பிராண்டு தமிழ்நாட்டுக்குப் புதியவர் அல்லர். கொல்லிமலையில் சமயப்பணியும் மருத்துவ உதவியும் செய்துவந்த ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914ஆம் ஆண்டு பிறந்தவர். ஒன்பது வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை மலையிலேயே காய்ச்சல் கண்டு இறந்தார். மகன் அவரை மீண்டும் காணவே இல்லை. பிராண்டு முதலில் கற்றது மருத்துவமன்று, கட்டடத் தொழில். மரவேலையும் கல்வேலையும் சில ஆண்டுகள் பயின்ற பின்னரே இலண்டனில் மருத்துவம் படித்தார். 1946இல் வேலூர் வந்து சேர்ந்தார். உளி பிடித்துப் பழகிய கை என்பதால்தானோ என்னவோ, ஒரு கை எவ்வாறு கருவியைப் பிடிக்கிறது என்பதில் அவருக்கு மற்ற மருத்துவர்களைவிடக் கூடுதல் நாட்டம் இருந்தது.

விரல்கள் உதிர்வதில்லை

தொழுநோய் கண்டவரின் விரல்கள் அழுகி உதிர்ந்துவிடும் என்பது நெடுங்காலமாக உலகம் முழுவதும் நிலவிய நம்பிக்கை. முன்வினைப் பயன், தெய்வச் சினம், பரம்பரைக் குற்றம் என்றெல்லாம் காரணங்கள் கற்பிக்கப்பட்டன. 1873ஆம் ஆண்டு நார்வே நாட்டின் பெர்கன் நகரில் அர்மாவர் ஹான்சன் என்னும் மருத்துவர் இந்நோய்க்குரிய நுண்ணுயிரியைக் கண்டறிந்தார். வினையும் சாபமும் காரணமல்ல என்பது அன்றே புலனாகிவிட்டது. ஆனால், அந்நுண்ணுயிரி விரல்களைத் தின்பதில்லை என்பதை மருத்துவ உலகமே ஏற்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

மைக்கோபாக்டீரியம் லெப்ரே எனப்படும் அந்நுண்ணுயிரி மிக மெதுவாகப் பெருகுவது. பல பாக்டீரியாக்கள் அரைமணி நேரத்திற்குள் இரண்டாகப் பிரியும். இதற்கோ ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். அதனால் உடலுக்குள் புகுந்து நோயாக வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டுகள், சிலருக்கு இருபது ஆண்டுகள்வரைகூட ஆகின்றன. மருத்துவம் பெறாத நோயாளியோடு நீண்டகாலம் நெருங்கிப் பழகும்போது, அவருடைய மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வெளிப்படும் நீர்த்துளிகளின் வழியே இது பரவுகிறது. எனினும், 100 பேரில் ஏறத்தாழ 95 பேருக்கு இதனை எதிர்த்து நிற்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. கைகுலுக்குவதாலோ, பக்கத்தில் அமர்ந்து உண்பதாலோ, ஒரே பேருந்தில் செல்வதாலோ இந்நோய் ஒட்டிக்கொள்வதில்லை.

இந்நுண்ணுயிரிக்கு இரண்டு விருப்பங்கள் உண்டு. ஒன்று, நரம்பிழைகளைச் சுற்றி உறைபோல் அமைந்த ஷ்வான் செல்களில் குடிபுகுவது. மற்றொன்று, உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. இதயமும் குடலும் போன்ற வெப்பம் மிகுந்த உள்ளுறுப்புகளில் இது தழைப்பதில்லை. மூக்கு, காதுமடல், கை, கால் ஆகிய வெளிப்பகுதிகளே இதற்கு ஏற்ற இடங்கள். மூளையும் தண்டுவடமும் தப்பிவிடுகின்றன; அங்கிருந்து கிளைத்துக் கைகால்களுக்குச் செல்லும் புறநரம்புகள் தப்புவதில்லை.

அப்புறநரம்புகளும் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சீராகப் பாதிக்கப்படுகின்றனவா என்பதை அறியும் வாய்ப்பு பிராண்டுக்குச் செங்கற்பட்டிலேயே கிடைத்தது. நோயாளி ஒருவர் இறந்தபின் அவருடைய நரம்புகளை முழுநீளத்திற்கும் பிரித்துப் பார்த்தபோது, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றை ஒட்டிய இடங்களில் மட்டும் அவை தடித்து வீங்கியிருந்தன. தசைகளின் ஆழத்தில் புதைந்து செல்லும் இடங்களில் அதே நரம்புகள் இயல்பாக இருந்தன. வீங்கிய இடங்களுக்குப் பொதுவான தன்மை ஒன்றே: அங்கெல்லாம் நரம்பு தோலை ஒட்டி, குளிர்ச்சியான பகுதியில் ஓடுகிறது.

முழங்கையை மடக்கி, அதன் உட்புறம் துருத்தி நிற்கும் எலும்புக்குப் பின்னுள்ள பள்ளத்தைத் தடவினால் கயிறு போன்ற ஒன்று விரலடியில் நழுவுவதை அறியலாம். அதுவே அல்நார் நரம்பு. மேசை முனையில் அவ்விடத்தை இடித்துக்கொண்டவர்களுக்குச் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்தாற்போன்ற விறுவிறுப்பு நினைவிருக்கும். தொழுநோய் கைக்கு இழைக்கும் கேட்டின் பெரும்பகுதி இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

நரம்பைச் சிதைப்பதில் நுண்ணுயிரியைவிட அதனை எதிர்க்கும் உடலின் பங்கே பல வேளைகளில் மிகுதி என்பது வியப்பான செய்தி. நோயெதிர்ப்பு அணுக்கள் திரண்டு வரும்போது நரம்பு வீங்குகிறது. அதனைச் சுற்றியுள்ள உறையோ எளிதில் விரிந்து கொடுப்பதன்று. மோதிரம் இறுகிய விரல் வீங்கினால் இரத்த ஓட்டம் தடைப்படுவதுபோல, உறைக்குள் வீங்கிய நரம்பும் தன்னைத்தானே நெரித்துக்கொள்கிறது. இழைகள் ஒவ்வொன்றாக மடிகின்றன.

மடியும் இழைகள் மூவகைப்பட்டவை. வெப்பம், தொடுகை, வலி ஆகியவற்றை மூளைக்குச் சொல்பவை ஒருவகை. அவை அழிந்தால் கை மரத்துப்போகும். தசைகளை இயக்குபவை மற்றொரு வகை. அவை அழிந்தால் பிடி தளரும். வியர்வையைச் சுரக்கச் செய்பவை மூன்றாம் வகை. அவை அழிந்தால் தோல் வறண்டு, கோடைக்காலத்து ஏரிமண்போல வெடிக்கும். வெடிப்பு வழியே கிருமிகள் நுழைகின்றன. வலி இல்லாததால் புண்ணுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. புண் ஆழ்ந்து எலும்பைத் தொடுகிறது, எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது, விரல் குறுகுகிறது. உதிர்வது போலத் தோன்றியதன் உண்மை இதுவே.

பொம்மலாட்டமும் உள்ளங்கையும்

முழங்கைக்குக் கீழே முன்கையை மறுகையால் பற்றிக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டினால், தசைகள் அங்கே புரள்வதை உணரலாம். விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் உள்ளன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் நுனிவரை செல்கின்றன. பொம்மலாட்டத்தில் திரைக்கு மறைவில் நிற்பவர் நூலை இழுக்க, மேடையில் பாவை கையசைப்பதைப் போன்றது இது.

ஆனால், நூல்கள் மட்டும் போதுவதில்லை. உள்ளங்கைக்குள்ளேயே ஏறத்தாழ இருபது சிறு தசைகள் உள்ளன. விரலின் அடிமூட்டை மடக்கி, மேலுள்ள இரு மூட்டுகளையும் நேராக நிறுத்துவது இவற்றின் வேலை. எழுதுகோலைப் பிடிப்பது, சட்டைப் பொத்தானை மாட்டுவது, பூத் தொடுப்பது, கோலமாவைக் கிள்ளி இழுப்பது, சோற்றைப் பிசைந்து கவளமாக்குவது என நுட்பமான எல்லாச் செயல்களும் இச்சிறுதசைகளை நம்பியிருப்பவை. இவற்றில் பெரும்பாலானவற்றை அல்நார் நரம்பு இயக்குகிறது. பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிராகக் கொண்டுவந்து நிறுத்தும் தசைகளை மீடியன் நரம்பு இயக்குகிறது.

முழங்கையில் அல்நார் நரம்பு சிதைந்தால், முதலில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நிலை மாறுகின்றன. அடிமூட்டு பின்னோக்கி நிமிர்கிறது. மேல்மூட்டுகள் உள்நோக்கிச் சுருள்கின்றன. மணிக்கட்டுக்குச் சற்று மேலே மீடியன் நரம்பும் சிதைந்தால், எஞ்சிய விரல்களும் அவ்வாறே சுருள, பெருவிரல் மற்ற விரல்களோடு ஒரே தளத்தில் சென்று ஒட்டிக்கொள்கிறது. உள்ளங்கையின் மேடுகள் தேய்ந்து தட்டையாகின்றன. அந்தக் கையால் குவளையைச் சுற்றிப் பிடிக்க முடியாது. விரல் நுனிகளால் நாணயத்தை எடுக்க முடியாது. ஆயினும், மீடியன் நரம்பின் மேற்பகுதியால் இயங்கும் முன்கைத் தசைகள் பெரும்பாலும் பழுதின்றி இருக்கும். செங்கற்பட்டு இளைஞரின் பிடி வலுவாக இருந்ததற்குக் காரணம் அதுவே.

நோயாளிகள் பலருடைய கைகளைத் தசை தசையாகச் சோதித்து, பிராண்டும் அவருடைய குழுவினரும் இவ்வொழுங்கை உறுதிசெய்துகொண்டனர். எந்தத் தசை அழியும், எது அழியாது என்பதை முன்கூட்டியே சொல்ல முடிந்தால், அழியாததை எடுத்து அழிந்ததன் வேலையைச் செய்யவைக்கலாம் அல்லவா?

நாண் மாற்றிய கை

தசைநாண் மாற்றும் அறுவை பிராண்டு புதிதாகக் கண்டுபிடித்ததன்று. இளம்பிள்ளைவாதத்தாலும் விபத்தாலும் முடங்கிய கைகால்களுக்கு அம்முறை முன்னரே வழக்கில் இருந்தது. தொழுநோயாளியின் கையில் கத்தி வைத்தால் புண் ஆறாது, தசை கூடாது என்னும் எண்ணமே தடையாக நின்றது. 1948ஆம் ஆண்டு வேலூரில் அத்தடை உடைந்தது. அறுவை செய்த இடம் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறியது.

ஒவ்வொரு விரலையும் மடக்க முன்கையிலிருந்து இரண்டு நாண்கள் வருகின்றன. ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றொன்றால் விரல் மடங்கும். இயற்கை அளித்த அந்த உபரியையே பிராண்டு பயன்படுத்தினார். மோதிரவிரலின் ஒரு நாணை அதன் முனையில் விடுவித்து, கீற்றுகளாகப் பிளந்து, உள்ளங்கை வழியே புதிய பாதையில் செலுத்தி, விரல்களின் பக்கவாட்டில் தைத்தார். இப்போது அந்நாண் இழுபட்டால் அடிமூட்டு மடங்கும், மேல்மூட்டுகள் நிமிரும். உள்ளங்கைச் சிறுதசைகள் செய்த வேலையை முன்கைத் தசை ஒன்று ஏற்றுக்கொண்டது. நாணை எவ்வளவு இறுக்கமாகத் தைப்பது என்பதில்தான் நுட்பம் எல்லாம் அடங்கியிருந்தது. தளர்ந்தால் பயனில்லை, மிகுந்தால் விரல் விறைத்துவிடும். வீணையின் நரம்பை முறுக்குபவருக்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும்.

மாவுக்கட்டுக்குள் மூன்று வாரம் கை ஓய்வெடுத்தபின் பயிற்சி தொடங்கும். மூளைக்கு நாண் மாறிய செய்தி தெரியாது. மோதிரவிரலை மடக்குவதாக நோயாளி நினைக்க, எல்லா விரல்களும் அடிமூட்டில் வளைந்து நிமிரும். அதைக் கண்டு திகைத்து, பின் அதுவே பழகி, எண்ணத்திற்கும் அசைவிற்கும் இடையே புதிய உறவு உருவாக நாள்கள் பல ஆகும். மெழுகை உருட்டுதல், மரத்துண்டுகளை எடுத்து வைத்தல், தாளில் எழுதுதல் எனப் பயிற்சி படிப்படியாக வளரும். அறுவைக்குச் செலவழித்த உழைப்பைவிட இப்பயிற்சிக்குச் செலவழித்த பொறுமையே பெரிது. இயன்முறை மருத்துவரின் துணையின்றி எந்தக் கையும் மீளவில்லை.

பிச்சைக்கு உதவாத கை

கைகள் நேரானபின் ஊருக்குத் திரும்பிய ஒருவர் சில காலத்திற்குப் பின் வேலூருக்கே மீண்டும் வந்தார். பிராண்டு சீராக்கித் தந்த கைகள் பிச்சை எடுப்பதற்கு ஏற்றவையாக இல்லை என்பது அவருடைய முறையீடு. மடங்கிய விரல்களைக் கண்டு இரங்கிக் காசு போட்டவர்கள், நேரான விரல்களைக் கண்டு போடவில்லை. தோலில் இருந்த தழும்புகளைப் பார்த்து வேலை கொடுக்கவோ வீடு கொடுக்கவோ முன்வந்தவரும் இல்லை. மருத்துவம் வெற்றி பெற்றது. மனிதர் பட்டினி கிடந்தார்.

இம்முறையீடு பிராண்டை உலுக்கியது. அறுவை அரங்கத்தோடு தம் கடமை முடிந்துவிட்டதாக அவரால் அதற்குமேல் எண்ண இயலவில்லை. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பு உருவானது. மண்சுவரும் எளிய கூரையும் கொண்ட அவ்விடத்தில், சிகிச்சை முடித்த இளைஞர்கள் தங்கித் தச்சு முதலிய தொழில்களைக் கற்றனர். இளமையில் தாம் பயின்ற மரவேலையைப் பிராண்டே அவர்களுக்குக் கற்பித்தார்.

இங்கே வேறொரு சிக்கல் தலைகாட்டியது. சீரான கைகளில் நாள்தோறும் புதிய புண்கள் தோன்றின. நோய் திரும்பிவிட்டதோ என்ற ஐயம் எழுந்தது. பிராண்டு ஒவ்வொரு புண்ணின் காரணத்தையும் துப்பறிவாளரைப்போல் தேடத் தொடங்கினார். சுத்தியலின் பிடியில் இருந்த சிலாம்பு ஒன்று. அடுப்பிலிருந்து வெறுங்கையால் எடுத்த சூடான பாத்திரம் ஒன்று. உணர்வுள்ள கை, தேவையான அளவுக்குமேல் அழுத்தாது. உணர்வற்ற கையோ கருவியைப் பன்மடங்கு இறுக்கிப் பிடிக்கும். ஒருமுறை துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் பிராண்டு திணறியபோது, நோயாளியான ஒரு சிறுவன் எளிதாகத் திருப்பித் திறந்துவிட்டான். அவன் வலிமையை வியந்து நின்றவர், தரையில் இரத்தம் சொட்டுவதைக் கண்டார். சாவியின் விளிம்பு அவன் விரலை எலும்புவரை அறுத்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

காரணம் புலப்படாத புண்களும் சில இருந்தன. இரவில் முழுதாக இருந்த விரல் நுனி, காலையில் குறைந்திருக்கும். இரவு முழுவதும் விழித்திருந்து காவல் காத்தபோது விடை கிடைத்தது. உறங்குபவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அவர் அசையக்கூட இல்லை. அதன்பின் நவஜீவ நிலையத்திலிருந்து வீடு திரும்புவோருடன் பூனை ஒன்றையும் சேர்த்து அனுப்புவது வழக்கமாயிற்று. மருத்துவ வரலாற்றில் பூனையை மருந்துச் சீட்டில் எழுதிய மருத்துவமனை வேறு இருக்குமா என்பது ஐயமே.

ஏறத்தாழ எல்லாப் புண்களுக்கும் இவ்வாறு காரணம் கிடைத்தது. அவற்றில் எதுவும் தசை தானாக அழுகியதால் வந்ததன்று. வலி என்னும் காவலாள் இல்லாத வீட்டில் புகுந்த சேதங்களே அவை. வலியை மனிதருக்குக் கிடைத்த கொடை என்று பிராண்டு பிற்காலத்தில் நூலே எழுதியமைக்கு இந்த அனுபவம் அடித்தளம். தோல் கண்ட வேதனையை நோயாளி உணராததால், கண்ணே காவலாக வேண்டும் என்று அவர் கற்பித்தார். கருவிகளின் பிடிகள் தடிமனாக்கப்பட்டன. ஒவ்வொருவரும் நாள்தோறும் தம் கைகளை விரல் விரலாகப் பார்த்துச் சோதித்தனர். புண்களின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது.

தெரிந்து தெளிவோம்

வேலூரில் பெண்நோய் மருத்துவம் பயின்றுவந்த கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டு மகிழுந்து விபத்தில் தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். பிராண்டின் வழிகாட்டுதலில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய முயற்சியின் விளைவு. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கரிகிரியும் அதன் பின்னும்

1955ஆம் ஆண்டு வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய்க்கென ஆராய்ச்சி மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. பல நாடுகளிலிருந்து மருத்துவர்கள் அங்கு வந்து கை அறுவையைக் கற்றுச் சென்றனர். திருமணியிலும் அதே காலத்தில் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் உருவாயிற்று. பிராண்டு 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். உணர்விழந்த கைகால்களைக் காக்க வேலூரில் கற்ற பாடங்கள், நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கும் அங்கே பயன்பட்டன. 2003இல் அவர் மறைந்தார்.

மருந்துகளின் வரலாறு தனியே விரிவது. டாப்சோன் மட்டுமே ஆண்டுக்கணக்கில் கொடுக்கப்பட்ட நிலை மாறி, 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் ஆகிய மருந்துகளை நோயின் தன்மைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ உட்கொண்டால் நோய் முற்றிலும் நீங்கும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இம்மருந்துகள் விலையின்றிக் கிடைக்கின்றன. சிகிச்சை தொடங்கிய சில நாள்களிலேயே பிறருக்குப் பரப்பும் ஆற்றல் ஏறக்குறைய அற்றுவிடுகிறது.

நோயாளிகளை ஒதுக்கிவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றத்தால் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கோரலாம் என்றிருந்த விதிகள் 2019இல் நீங்கின. கிருமியை வெல்ல மருந்து கிடைத்த பின்னும் சட்டப்புத்தகம் திருந்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது என்பதை எண்ணிப் பார்க்கலாம். 2005ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவில் இந்நோய் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை அடைந்தது. அது முற்றாக ஒழிந்துவிட்டது என்பது அதற்குப் பொருளன்று. உலகில் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியரே.

ஆறு மாதம் என்னும் எல்லை

கிருமியைக் கொல்லும் மருந்து, முன்னரே மடிந்த நரம்பை உயிர்ப்பிப்பதில்லை. கூட்டு மருந்து உட்கொள்ளும்போதும், சிலருக்கு அது முடிந்த பின்னரும்கூட, உடலின் எதிர்ப்பாற்றல் திடீரெனச் சீறி எழுவதுண்டு. தேமல்கள் சிவந்து தடிக்கும். முழங்கை நரம்பு வீங்கி வலிக்கும். சில நாள்களில் பிடி தளரும். சிலருக்கு வலியே இல்லாமல் ஓசையின்றி நரம்பு நலியும். மருந்தால் தீங்கு வந்ததென்று தவறாக எண்ணி மாத்திரைகளை நிறுத்திவிடுவோர் உண்டு. அவ்வேளையில் செய்யத்தக்கது உடனே மருத்துவரைக் காண்பதே. பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை மருத்துவர் கண்காணிப்பில் குறித்த காலம் உட்கொண்டால் வீக்கம் தணிந்து நரம்பு மீள வாய்ப்புண்டு. தளர்ச்சி தொடங்கி ஆறு மாதத்திற்குள் வந்தவர்களுக்கு இவ்வாய்ப்பு மிகுதி. காலம் கடந்து வருவோர்க்கு எஞ்சியிருப்பது நாண் மாற்றும் அறுவை மட்டுமே. அது விரலை நிமிர்த்தும். போன உணர்வை மீட்டுத் தராது.

உணர்வை இழந்துவிட்ட கைக்குரிய பாதுகாப்பு, மருந்துக் கடையில் வாங்குவதன்று. நாள்தோறும் கையை இருபது நிமிடம் நீரில் ஊறவைத்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவினால் வறண்ட தோல் வெடிப்பதில்லை. மறுகையால் விரல்களை மெல்ல நீவி நிமிர்த்தினால் மூட்டுகள் இறுகுவதில்லை. சூடான தேநீர்க் குவளையைத் துணி சுற்றிப் பிடிக்கலாம். மண்வெட்டிக் காம்பிலும் அரிவாள் பிடியிலும் துணி சுற்றிக்கொள்ளலாம். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இடுக்கியால் இறக்கலாம். பீடி புகைப்பவரின் விரலிடுக்கில் நெருப்பு வந்து சேர்வது அவருக்கே தெரியாது என்பதால் அப்பழக்கத்தைக் கைவிடுவது இருமடங்கு நன்மை.

தொடக்க நிலையில் நோயைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஒரு தேமல். நிறம் மங்கிய அல்லது சிவந்த அத்தேமலில் அரிப்பு இராது, வலி இராது, தொட்டாலும் தெரியாது. தொல்லை தராததாலேயே அது பொருட்படுத்தப்படாமல் போகிறது. பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் வரும் சுகாதாரப் பணியாளர் கண்ணை மூடச் சொல்லி, பந்துமுனைப் பேனாவின் நுனியால் தேமலை மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வது இதற்காகவே. அடுத்து முழங்கைப் பள்ளத்தில் விரல் வைத்து நரம்பு தடித்திருக்கிறதா என்று பார்ப்பார். பின்னர்ச் சுண்டுவிரலை வெளிப்புறமாக விலக்கி நிறுத்தச் சொல்லி, தம் விரலால் அதை உள்நோக்கித் தள்ளுவார். எதிர்த்து நின்றால் அல்நார் நரம்பு நலமாக உள்ளது. தளர்ந்து சாய்ந்தால், விரல் வளையத் தொடங்கும் முன்பே நரம்பின் நலிவு பிடிபட்டுவிடுகிறது. இச்சோதனைகளுக்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்; வேண்டிய கருவி ஒரு பேனா.